திறவுகோல் கோட்டையிலேயே உள்ளது!

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், பெரம்பலூருக்கு வடக்கே அமைந்த பழம்பேரூர் வாலிகண்டபுரம். ஆங்குள்ள சிவன் கோயிலும் அதன் கல்வெட்டுகளும் அவ்வூரின் தொன்மைக்குச் சான்று பகர்வன. 1751-ஆம் ஆண்டில் அவ்வூரை அடுத்த களத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினர். ஒருபுறம் முகம்மது அலியை முன்னிறுத்திய ஆங்கிலேயர். மறுபுறம் சந்தா சாகிபை முன்னிறுத்திய பிரெஞ்சுக்காரர். மண் தமிழனுடையது, மோதிய இருவரும் அயலார்! அன்று அக்களத்தில் ஆங்கிலேயர் பின்வாங்கித் திருச்சிராப்பள்ளிக்கு ஒதுங்கினர். ஆயினும் இறுதியில் தமிழகத்தைக் கைக்கொண்டவர் அவரே. கைக்கொண்டவனின் சட்டந்தான் கைக்கொள்ளப்பட்டவனின் தலையில் ஏறும். அவ்வாறு ஏறிய சட்டம் ஒன்றனைப் பற்றியும், அச்சட்டம் வீழ்ந்த பின்னரும் வீழாது நிற்கும் அடிமை எண்ணத்தைப் பற்றியும் தமிழ்மக்கள் ஆழ எண்ணுதல் வேண்டும்.

1860-ஆம் ஆண்டில் ஆங்கில அரசு இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, ‘இயற்கையின் ஒழுங்குக்கு மாறான உடலுறவு’ என ஒன்றைக் கற்பித்துக்கொண்டு, அதற்கு வாழ்நாட் சிறை வரை தண்டனை வகுத்தது. ஆணும் ஆணும் அன்பு கொண்டு வாழ்ந்தால் அஃது இயற்கைக்கு மாறு; கடல் கடந்து வந்து அயலான் நாட்டை அடிமைப்படுத்தினால் அஃது இயற்கை! இதுவே அன்றைய வெள்ளையனின் அறம். அவனோடு வாலிகண்டபுரத்தில் மோதிய பிரெஞ்சு நாடோ, தன் மண்ணில் 1791-ஆம் ஆண்டிலேயே இக்குற்றத்தைத் தன் தண்டச் சட்டத்தினின்று நீக்கிவிட்டது. ஆங்கிலேயன் ஆண்ட சிங்கப்பூரிலும் மலேயாவிலும் 377 என்னும் அதே எண்ணைத் தாங்கி அதே பிரிவு புகுத்தப்பட்டது. ஈழத்தமிழரும் வாழும் இலங்கையில் 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் 365-ஆம் பிரிவாக அதனைச் சுமந்தது. தமிழன் கூலியாகக் கொண்டுசெல்லப்பட்ட இந்நாடுகளிலும் இவ்விலங்கு அவனைத் தொடர்ந்தது.

இந்த வரலாற்றை அறியாமலோ, அறிந்தும் மறைத்தோ, “தன்பாலினத்தார் திருமணம் மேலைநாட்டு இறக்குமதி, தமிழ்மண்ணுக்கு ஒவ்வாதது” என்று கூவுவோர் பலர். அவர்களுட் சிலர் தமிழுணர்வாளர் என்றும் தம்மை அழைத்துக்கொள்கின்றனர். அவர்கள் ஒன்றைத் தெளிந்துகொள்ளட்டும். அன்பு எந்நாட்டிலும் எக்காலத்தும் மாந்தரொடு பிறப்பது. அதற்குக் கப்பல் வேண்டியதில்லை. கப்பலில் வந்தது கைவிலங்கு! அக்கைவிலங்கைத் தம் முன்னோர் அணிகலன் என்று எண்ணிப் போற்றுவோர்தாம் மேலைநாட்டுக்கு இன்னும் அடிமைப்பட்டுக் கிடப்போர்.

அவ்விலங்கு எளிதில் அறவில்லை. 2009-ஆம் ஆண்டில் தில்லி உயர் அறமன்றம் அதனைத் தளர்த்திற்று. 2013-ஆம் ஆண்டில் உச்ச அறமன்றம் மீண்டும் அதனை இறுக்கிற்று. 2018 செப்தம்பர் 6-ஆம் நாள், அதே உச்ச அறமன்றத்தின் ஐவர் அமர்வு, அகவை வந்தோர் இருவர் இசைந்து கொள்ளும் உறவு குற்றமாகாது என ஒருமுகமாகத் தீர்ப்பளித்தது. வெள்ளையன் இட்ட முடிச்சை, அவன் போய் 71 ஆண்டுகள் கழித்தே அவிழ்க்க முடிந்தது. 2024 சூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அப்பிரிவே இல்லை.

குற்றம் நீங்கியது. உரிமை வந்ததா? அதுவே வினா.

வாலிகண்டபுரத்துப் பெண்கள் இருவர் தம் வாழ்நாளை ஒன்றாய்க் கழிக்க முடிவு செய்தனர் எனக் கொள்க. இருவரும் அகவை நிரம்பியோர், உழைத்து உண்போர், எவர்க்கும் தீங்கு செய்யாதோர். அவர்கள் பெரம்பலூர்ப் பதிவகத்தின் படியேறினால் என்ன நேரும்? பதிவாளர் 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தைக் காட்டி, மணமகன் எங்கே என்பார். எச்சமயத்தார்க்கும் பொதுவான 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தை நாடினால், ஆணுக்கு 21 அகவை, பெண்ணுக்கு 18 அகவை என்று அதில் எழுதியிருப்பதைக் காட்டி, இருவரும் பெண்களாயின் மணமில்லை என்பார். இருவரும் திரும்பி ஊருக்கு வருவர். முப்பதாண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்வர். ஒருத்தி நோயுற்று மருத்துவமனையில் கிடக்கும்போது, மற்றவள் ‘உனக்கு இவள் என்ன உறவு?’ என்ற வினாவுக்கு விடையற்று நிற்பாள். ஒருத்தி இறந்தால், இருவரும் சேர்ந்து உழுத நிலம் அவளைப் பிறப்பில் ஒதுக்கிய உறவினர்க்குப் போகும். இருவரும் வாழ்ந்த வீட்டினின்று மற்றவளை வெளியேற்ற, முப்பதாண்டுகள் முகங்கொடுத்துப் பேசாத அண்ணன் ஒருவன் வந்து நின்றாற் போதும்!

“இறுதிமுறி எழுதி வைத்துக்கொள்ளலாமே?” என்று கேட்போர் உண்டு. எழுதாமல் இறந்தவர்க்கு என் செய்வது? குடும்ப ஓய்வூதியத்தை முறி எழுதித் தர இயலுமா? இருவரும் சேர்ந்து ஒரு குழந்தையை மகவேற்றுப் பெற்றோராக முறியால் முடியுமா? ஆணும் பெண்ணுமாய் மணந்தவர்க்கு ஒரு கையெழுத்தில் கிடைப்பவற்றை, இவர்கள் நூறு தாள்களில் எழுதினும் பெற முடியாது. இதனைச் சமன்மை என்று எந்த அறநூல் சொல்லும்?

உடைமை போவது ஒருபுறம். உயிரே போகும் நிலையும் உண்டு. 2025 மே திங்களில் சென்னை உயர் அறமன்றத்தின் முன் வந்த வழக்கை எடுத்துக்கொள்க. 25 அகவைப் பெண் ஒருத்தியை அவள் குடும்பத்தார் அடைத்து வைத்திருந்தனர். அவளை மீட்டுத் தரும்படி அவள் துணைவி மன்றத்தை நாடினாள். தன்னை அடித்ததாகவும், ‘இயல்பாக்க’ வேண்டிச் சடங்குகளுக்கு உட்படுத்தியதாகவும் அப்பெண் மன்றத்தில் கூறினாள். அவள் விருப்பத்திற்கு மாறாகக் காவல்துறையினரே அவளைக் குடும்பத்தாரிடம் ஒப்படைத்திருந்தனர்! நடுவர்கள் சாமிநாதனும் இலக்குமிநாராயணனும் காவல்துறையைக் கண்டித்து, அவளை அவள் விரும்பிய இடத்திற்குச் செல்ல விடுத்தனர். திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியன்று. ஒருவர் தாமே தேர்ந்துகொள்ளும் குடும்பமும் குடும்பமே என்றனர். நல்ல தீர்ப்பு. ஆயினும் ஒவ்வொரு பெண்ணும் தன் விடுதலைக்கு உயர் அறமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டுமா? சிற்றூரில் அடைபட்ட பெண்ணுக்கு வழக்கறிஞரைத் தேடித் தருவார் யார்? தீர்ப்பு ஒருத்தியைக் காக்கும். சட்டமே அனைவரையும் காக்கும்.

அச்சட்டம் எங்கிருந்து வருதல் வேண்டும்? தில்லியிலிருந்து வரும் என்று பலர் காத்திருந்தனர். 2023 அக்தோபர் 17-ஆம் நாள் உச்ச அறமன்றத்தின் ஐவர் அமர்வு அந்நம்பிக்கையை முறித்தது. திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமையன்று என்பதில் ஐவரும் ஒன்றுபட்டனர். திருமணமாக இல்லாவிடினும் இணைவாழ்வாகவேனும் ஏற்கப்பட வேண்டும் என்று தலைமை நடுவர் சந்திரசூட்டும் நடுவர் கவுலும் கூறியதை ஏனை மூவரும் ஏற்கவில்லை. 2025 சனவரியில் மறுஆய்வு வேண்டுகையும் தள்ளப்பட்டது. நடுவணரசு குழுவொன்றை அமைத்தது. குடும்ப அட்டைக்கும் வங்கிக் கூட்டுக் கணக்கிற்கும் தடையில்லை என்று அறிவுரை விடுத்தது. அவ்வளவே! கடலளவு உரிமை கேட்டவர்க்குக் கையளவு நீர்!

ஆனால் அத்தீர்ப்பிலேயே தமிழர் கூர்ந்து நோக்க வேண்டிய ஒன்று உண்டு. இத்தகைய திருமணங்களை ஏற்றுச் சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்திற்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் உரிய துறை என்று தலைமை நடுவர் எழுதினார். அவர் புதிதாக எதனையும் கண்டுபிடித்துவிடவில்லை. அரசியலமைப்பின் ஏழாம் இணைப்பில், இரு அரசுகட்கும் பொதுவான மூன்றாம் பட்டியலில், ஐந்தாவதாகத் திருமணமும் மணவிலக்கும் வைக்கப்பட்டுள்ளன. மாநிலச் சட்டம் நடுவண் சட்டத்தொடு முரணினும், குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றுவிட்டால் அம்மாநிலத்தில் மாநிலச் சட்டமே செல்லும் என்று 254-ஆம் கூறு சொல்கின்றது. கதவு தில்லியில் இல்லை. சென்னைக் கோட்டையில் உள்ளது. திறவுகோலும் அங்கேயே தொங்குகின்றது. எடுக்கத்தான் கை இல்லை!

இவ்வழி தமிழகம் அறியாத வழியா? அறியாததன்று, தமிழகமே முன்னர் நடந்து காட்டிய வழி!

1928-ஆம் ஆண்டில் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் தன்மானத் திருமணத்தை நடத்தி வைத்தார். புரோகிதர் இல்லை, விளங்கா வடமொழி இல்லை, தீவலம் இல்லை. இருவர் உள்ளமும், அவர்தம் மொழியும், கூடியிருந்தோர் வாழ்த்துமே திருமணமாயின. அன்று எழுந்த கூச்சல் என்ன? “இது திருமணமா? இது குடும்பத்தைக் குலைக்கும், பண்பாட்டை அழிக்கும், முன்னோர் வழக்கன்று” என்பதே. இன்று தன்பாலினத்தார் திருமணத்திற்கு எதிராய்க் கிளம்பும் சொற்களை அன்றைய சொற்களொடு வைத்துப் பார்த்தால், ஓரெழுத்தும் மாறவில்லை என்பது விளங்கும்!

கூச்சலொடு நிற்கவில்லை. 1953-ஆம் ஆண்டில் சென்னை உயர் அறமன்றம், சாத்திரச் சடங்கும் இல்லை, நெடுங்கால வழக்காறும் இல்லை என்று கூறித் தன்மானத் திருமணம் செல்லாது எனத் தீர்த்தது. கால் நூற்றாண்டாக மனைவியராய் வாழ்ந்தோர் ஒரே நாளில் மனைவியர் அல்லர் ஆயினர். அவர்தம் பிள்ளைகள் தந்தையின் பெயரும் உடைமையும் கேட்க உரிமையற்றவராயினர். மணந்த இருவரும் உறுதியாய் இருந்தனர், ஊரும் ஏற்றது, ஆயினும் சட்டம் ஏற்கவில்லை. இன்று பெரம்பலூர்ப் பதிவகத்தினின்று திரும்பி வரும் இரு பெண்களின் நிலைக்கும் அன்றைய தன்மான மணமக்களின் நிலைக்கும் வேறுபாடு என்ன?

1967-ஆம் ஆண்டில் ஆட்சிக்கு வந்த அண்ணாவின் அரசு அக்கொடுமைக்கு முடிவு கட்டிற்று. நடுவணரசின் இந்துத் திருமணச் சட்டத்தில், இம்மாநிலத்தின் அளவில், 7-அ என்னும் புதுப்பிரிவைச் சட்டமன்றம் சேர்த்தது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, 1968 சனவரி 20-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. உறவினரோ நண்பரோ பிறரோ முன்னிற்க, தமக்கு விளங்கும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாக உரைப்பினும், மாலை மாற்றினும், கணையாழி அணிவிப்பினும், தாலி கட்டினும் திருமணம் திருமணமே என்றது. இனி நடப்பவற்றிற்கு மட்டுமன்று, முன்னர் நடந்தவற்றிற்கும் அவ்வேற்பு உண்டு என்றது. செல்லாத மணமெனச் சொல்லப்பட்டவை செல்லும் மணமாயின. தலைகுனிந்த தாய்மார் நிமிர்ந்தனர். 2023 ஆகத்தில் உச்ச அறமன்றமும், இவ்வகைத் திருமணத்திற்கு ஊரறியப் பறையறைய வேண்டியதில்லை என்று தீர்த்து, அப்பிரிவின் வலிமையை மீண்டும் உறுதி செய்தது.

அஃது ஒருமுறை நிகழ்ந்த புதுமை என்று தள்ள முடியாது. மூதாதையர் உடைமையில் மகளுக்கும் மகனொடு ஒத்த பங்கு என்று, ஆந்திரத்தை அடுத்துத் தமிழகம் 1989-ஆம் ஆண்டில் சட்டம் செய்தது. தில்லி அதனைச் செய்ய 2005 வரை ஆயிற்று. ஏறுதழுவலைத் தில்லி தடுத்தபோது, 2017 சனவரியில் மெரினாக் கடற்கரையில் இளைஞர் வெள்ளம் திரண்டது. அதே திங்களில் சட்டமன்றம் கூடியது. நடுவண் சட்டத்தைத் தமிழகத்தின் அளவில் திருத்தியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வந்தது. 2023 மே திங்களில் உச்ச அறமன்றமும் அச்சட்டம் செல்லும் என்றது. காளைக்காகச் சில நாளில் சட்டம் செய்த மன்றம் மாந்தர்க்காகச் செய்யாதா? ஏறுதழுவல் தமிழர் உரிமை என்றால், தமிழர் இருவர் ஒருவரையொருவர் தழுவி வாழ்தல் யார் உரிமை?

இவ்விடத்தில் தமிழறிஞர் சிலர் தொல்காப்பியத்தைத் தூக்கிக்கொண்டு வருவர். அதற்கு விடையும் நேர்மையாகச் சொல்லப்பட வேண்டும். அகத்திணை ஒருவனையும் ஒருத்தியையுமே பாடுகின்றது. அதனை மறைத்து, நூலில் இல்லாததை உள்ளதாய்க் காட்டுதல் தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது. ஆனால் அதே தொல்காப்பியம் திருமணச் சடங்கைப் பற்றி என்ன சொல்கின்றது? அச்சடங்கு தொன்றுதொட்டு வானிலிருந்து இறங்கியதன்று. உலகில் பொய்யும் பிழையும் தலைகாட்டிய பின்னரே மூத்தோர் அதனை வகுத்தனர் என்று சொல்கின்றது. காதலித்து ஏமாற்றிக் கைவிடுவோரினின்று ஏமாற்றப்படுவோரைக் காக்க எழுந்ததே மணச்சடங்கு. பெற்றோர் மகட்கொடை நேராதவிடத்தும், உடன்போக்கிற் சென்ற இருவர்க்குத் திருமணம் உண்டு என்றும் அந்நூல் இடம் வைத்தது. காப்பற்றவர்க்குக் காப்பாக வகுக்கப்பட்டதே கரணம் என்றால், இன்று காப்பற்று நிற்பவர் யாரோ அவர்க்கு அதனை விரிப்பதே தொல்காப்பிய நெறி!

மேலும் ஒன்று. ஆண்மை திரிந்தாரை எத்திணையுள் வைப்பது என்ற வினா எழுந்தபோது, தொல்காப்பியர் அவரை உயர்திணையுள்ளேயே வைத்தார். மாந்தர் எவரும் அஃறிணையாகார் என்பது தமிழ் இலக்கணத்தின் முடிபு. மாந்தரை அஃறிணையாக்கிச் சிறையில் அடைத்தது 1860-ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம். தமிழ் இலக்கணத்தின் பக்கம் நிற்பதா, மெக்காலேயின் பக்கம் நிற்பதா என்பதைத் தமிழுணர்வாளர் தாமே முடிவு செய்துகொள்ளட்டும்.

“பிள்ளைப் பேற்றுக்காகவன்றோ திருமணம்?” என்பது அடுத்த தடை. பிள்ளையில்லாக் கணவன் மனைவியரின் திருமணத்தை எந்தப் பதிவாளர் நீக்கினார்? அறுபது அகவையில் மணப்போரிடம் எந்த அலுவலர் பிள்ளை கேட்டார்? பிள்ளைப்பேறு திருமணத்தின் ஒரு பயன். திருமணத்தின் உயிர் அன்பும் பொறுப்புமே.

“குடும்பம் குலையும், குலம் கெடும்” என்போரின் முகத்தையும் சற்று உற்று நோக்குதல் வேண்டும். சாதி கடந்து காதலித்த இளைஞரை வெட்டி வீழ்த்துவோர் சொல்வதும் இதே சொற்றொடர் அன்றோ? பெற்ற மகளைச் சாதிப் பெருமைக்காகக் கொல்வோனும், பெண்ணை விரும்பிய மகளை அறையில் அடைப்போனும் ஒரே நோய் பிடித்தவர்கள். பெண்ணின் உள்ளம் அவளுடையதன்று, குலத்தின் உடைமை என்பதே அந்நோய். சாதியொழிப்பைக் கொள்கையாகக் கொண்டோர் அந்நோயின் ஒரு கிளையை வெட்டி மறுகிளைக்கு நீர் வார்த்தல் தகுமா?

“மொழியுரிமையும் மண்ணுரிமையும் கேட்டு நிற்கும் வேளையில் இஃதெல்லாம் இயக்கத்தின் வேலையா?” என்று கேட்போரும் உண்டு. வேலைதான்! தில்லி இசைந்தால்தான் தமிழன் மணக்கலாம் என்னும் நிலை உரிமைக்குறையா, இல்லையா? கையிலுள்ள உரிமையைப் பயன்படுத்தாதவன் இல்லாத உரிமையை எந்த வாயால் கேட்பான்?

“இயற்றினாலும் தில்லி ஒப்புதல் தராதே?” என்பது இறுதித் தடை. தராமலும் போகலாம். மருத்துவக் கல்விக்கான நீட்டுத் தேர்வினின்று விலக்குக் கேட்டுச் சட்டமன்றம் 2021-இலும் 2022-இலும் சட்டமுன்வரைவை நிறைவேற்றியது. ஒப்புதல் மறுக்கப்பட்டதை முதலமைச்சரே 2025 ஏப்பிரலில் மன்றத்தில் அறிவித்தார். மறுப்பார்கள் என்று அஞ்சித் தமிழகம் அதனை இயற்றாமல் இருந்ததா? இயற்றுவது தமிழகத்தின் கடன். மறுத்தால் அப்பழி தில்லியைச் சேரும். இயற்றாமலே இருந்தால் அப்பழி கோட்டையையே சேரும். உலகில் கூட்டாட்சி நாடுகள் நடந்த முறையும் இதுவே. அமெரிக்க ஒன்றியம் 2015 சூன் திங்களில்தான் நாடு முழுமைக்கும் இத்திருமணத்தை ஏற்றது. ஆனால் மாசாசூசெட்சு மாநிலம் அங்குள்ள மன்றத் தீர்ப்பால் 2004-ஆம் ஆண்டிலேயே ஏற்றுவிட்டது. வெர்மாண்டு மாநிலத்தின் சட்டமன்றம் 2009-இல் ஆளுநரின் தடையாணையையும் தள்ளி மீறிச் சட்டம் செய்தது. மாநிலங்கள் முன் சென்றன. ஒன்றியம் பின் வந்தது. ஆசியாவிலோ, தைவான் 2019-இலும் தாய்லாந்து 2025 சனவரியிலும் இத்திருமணத்தைச் சட்டமாக்கிவிட்டன. நேபாளம் 2023-இல் பதிவு செய்யத் தொடங்கிற்று. இன்னும் இதனை ‘வெள்ளையர் வழக்கம்’ என்போர் நிலப்படத்தை விரித்துப் பார்த்தல் நலம்.

தமிழக அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது அறமாகாது. 2008-ஆம் ஆண்டில் திருநங்கையர்க்கு நலவாரியம் அமைத்தது. இந்தியாவில் அதுவே முதல். தூத்துக்குடியில் ஒருவர் திருநங்கையை மணந்தபோது பதிவாளர் பதிய மறுத்தார். 2019 ஏப்பிரலில் நடுவர் சாமிநாதன், ‘மணமகள்’ என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் எனத் தீர்ப்பளித்துப் பதியச் செய்தார். 2021 சூன் திங்களில் நடுவர் ஆனந்து வெங்கடேசு, மதுரையினின்று அடைக்கலம் தேடி வந்த இரு பெண்களின் வழக்கில், தம் அறியாமையைத் தாமே வெளிப்பட ஒப்புக்கொண்டு கற்றறிந்து தீர்ப்பெழுதினார். அதன் வழியே, இத்தகையோரைத் துன்புறுத்தலாகாது என்று 2022-இல் காவலர் நடத்தை விதிகளில் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு ஆகத்து 20-ஆம் நாள், இவர்களைக் குறிக்க இழிசொல் நீக்கிய தமிழ்ச் சொற்பட்டியல் அரசிதழில் வந்தது. 2025 சூலையில் திருநங்கையர், திருநம்பியர், இடைப்பாலினர் ஆகியோர்க்கான கொள்கை வெளியாயிற்று.

இவையெல்லாம் பாராட்டத்தக்கனவே. குறிப்பாக அச்சொற்பட்டியல் தமிழுக்கு நேர்ந்த ஒரு நன்மை. ஏளனச் சொற்களைத் தவிர வேறு பெயர் அறியாதவர்க்குத் தலைநிமிரத்தக்க தமிழ்ப் பெயர் கிடைத்தது. ஆனால் பெயர் தந்தவன் உரிமை தராதிருத்தல், குழந்தைக்குப் பெயர் சூட்டிவிட்டுப் பாலூட்ட மறுத்தல் போன்றதே! 2023 நவம்பரில் நடுவர் ஆனந்து வெங்கடேசு, இருவர் தம்முள் எழுதிப் பதியும் ‘குடும்ப இணைவு ஆவணம்’ என ஒன்றை அரசு ஏற்படுத்தலாம் என்று வழியும் காட்டினார். திருமணத்தின் அளவுக்கு வாராவிடினும், அடித்தலினின்றும் அடைத்தலினின்றும் காக்கும் ஒரு கவசமாக அதனை அவர் எண்ணினார். அக்கவசம் இன்றியே 2025-இலும் ஒரு பெண் அடைபட்டுக் கிடந்தாள்.

ஆகவே செய்ய வேண்டுவன தெளிவானவை.

முதலாவது, 7-அ பிரிவைச் சட்டமன்றம் மீண்டும் திருத்துதல் வேண்டும். அப்பிரிவு ‘இந்துக்கள் எவரேனும் இருவர்’ என்றே தொடங்குகின்றது. பின்னர்க் கணவன், மனைவி என்னும் சொற்களாற் குறுகுகின்றது. அச்சொற்களுடன் ‘வாழ்க்கைத்துணை’ என்னும் ஒரு தமிழ்ச் சொல்லைச் சேர்த்து, இருவர்க்கும் அகவை வரம்பை ஒன்றாக்கினால், 1967-இல் திறந்த கதவு முழுதும் திறக்கும்.

இரண்டாவது, தமிழர் எல்லாரும் இந்துச் சட்டத்தின்கீழ் வருபவர் அல்லர். ஆகவே எச்சமயத்தார்க்கும் சமயம் சாராதார்க்கும் பொதுவான சிறப்புத் திருமணச் சட்டத்தையும் தமிழகத்தின் அளவில் அவ்வாறே திருத்துதல் வேண்டும். 2009-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டம் அவற்றிற்கு இயைய மாற்றப்படுதல் வேண்டும்.

மூன்றாவது, ஒப்புதல் வரும் வரை காலம் வீணாகாதபடி, குடும்ப இணைவு ஆவணத்தை உடனே நடைமுறைக்குக் கொணர்தல் வேண்டும். மருத்துவமனையிலும், மாநில அரசின் ஓய்வூதியத்திலும், குடியிருப்பிலும் அவ்வாவணம் மதிக்கப்படுதல் வேண்டும்.

இவற்றுள் எதுவும் எவருடைய திருமணத்தையும் எடுத்துக்கொள்ளாது. ஆணும் பெண்ணும் மணப்பது மணந்தபடியே இருக்கும். தாலி கட்டுவோர் கட்டுவர். மாலை மாற்றுவோர் மாற்றுவர். வாழ்வற்றுக் கிடந்தவர்க்கு வாழ்வு சேரும்; அவ்வளவே. 1968-இல் தன்மானத் திருமணம் சட்டமானதால் புரோகிதம் வைத்து மணந்த எவர் குடும்பம் குலைந்தது?

275 ஆண்டுகட்கு முன்பு வாலிகண்டபுரத்துக் களத்தில் அயலார் இருவர் தமிழனைக் கேளாமலே தமிழன் மண்ணுக்காக மோதினர். இன்று அவ்வூரில் பிறந்த இருவர் சேர்ந்து வாழலாமா என்பதைத் தில்லியின் குழுக்கள் முடிவு செய்யும் என்று தமிழகம் கைகட்டி நிற்குமாயின், அக்களத்தில் வேடிக்கை பார்த்து நின்றவனுக்கும் இன்றைய தமிழனுக்கும் என்ன வேறுபாடு? கோட்டையில் எக்கட்சி அமரினும் சரி, அவர்தம் கடன் ஒன்றே. அண்ணா எடுத்த திறவுகோலை மீண்டும் கையில் எடுத்தல்!

எடுக்கும் வரை தமிழ்மக்கள் வாளாவிருத்தல் ஆகாது. ஊர்தோறும் சொல்லுக! மன்றந்தோறும் கேட்குக! அடைபட்ட அறைக் கதவுகள் திறக்கட்டும்! அன்பு எவர்க்கும் குற்றமாகா நாடே தமிழ்நாடு என்னும் பெயர்க்கு உரியதாகும்!